மிச்சம் இருபது

லிஃப்டில் நிற்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதே ஏறுகிறவர்களுக்கு நினைவிருப்பதில்லை. பன்னிரண்டு வருடமாக அந்த மருத்துவமனையில் அவன் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். நர்சுகள் அவனுக்கு வைத்த பெயர் மேலகீழ.

அன்று சூப்பர்வைசரம்மாவும் புது மேனேஜரும் ஏறினார்கள். அந்தம்மா கையில் கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்த தாள்.

"எல்லாருக்கும் சரியா எட்டு மணி நேரம் சார். கருவி அறை அம்மாவுக்கு மட்டும் 7.92."

"அப்படின்னா?"

"அஞ்சு நிமிஷம் குறையுது. ஒருநாள்னா விட்டுடலாம். புது கம்ப்யூட்டர் வந்ததுலேர்ந்து தினமும் அதே அஞ்சு நிமிஷம்."

"தினமும் அதே அளவா? அப்ப வழக்கமா எங்கேயோ போய்ட்டு வராங்க." மேனேஜர் சிரித்தார். "ஒரு கண் வைங்க. மாசக் கடைசி வரைக்கும் இப்படியே இருந்தா வேற ஆளைப் போடுவோம்."

மூன்றாவது மாடியில் இறங்கினார்கள். கருவி அறை அம்மா அவன் மனைவி. சூப்பர்வைசரம்மாவுக்கு அது தெரியும். அந்த நேரத்தில் மறந்திருந்தார்.

அவள் வேலை இரண்டாவது மாடியில். ஆபரேஷன் கத்திரிக்கோல், இடுக்கிகளைக் கழுவி, நீராவிப் பெட்டியில் அடுக்கி, வெந்ததும் எடுத்துக் கட்ட வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம். ஒரு நாளைக்கு இருபத்து நான்கு சுற்று. சுற்று முடியும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டுவாள். சாப்பாட்டு நேரம் தனி.

சாயங்காலம் வீட்டில் கேட்டான்.

"வேலை எப்படிப் போச்சு?"

"கத்திரிக்கோல் வெட்டப் பாத்துச்சு, இடுக்கி கடிக்கப் பாத்துச்சு. எப்பவும் போலதான்."

"நடுவுல எங்கயாவது போவியா?"

"எங்க போறது? கொஞ்சம் அசந்தா அந்தப் பெட்டி என்னையும் சேத்து வேக வெச்சிடும்."

சிரித்தாள். கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பதாக அவனுக்குப் பட்டது.

மறுநாளிலிருந்து லிஃப்டை இரண்டாவது மாடியில் நிறுத்தி வைத்தான். கம்பிக்கதவு வழியாகக் கருவி அறை வாசல் தெரியும். அதற்கு எதிரில் எக்ஸ்ரே அறை. எக்ஸ்ரேக்காரர் மிகவும் ஒல்லி. அவருக்கு எக்ஸ்ரேயே வேண்டாம், சட்டை மேலேயே எலும்பை எண்ணலாம் என்று இவனே சொல்லிச் சிரித்ததுண்டு. இப்போது வேறு மாதிரி தோன்றியது. அவ்வளவு ஒல்லியான ஆள் எந்தக் கதவிடுக்கிலும் நுழைந்துவிடலாம்.

கீழேயிருந்து கத்தினார்கள். "யோவ் மேலகீழ, மேலேயே குடியேறிட்டியா?"

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவள் எக்ஸ்ரே அறைக்குள் போனாள். போனில் நேரம் பார்த்தான். இரண்டு நிமிடம். வெறுங்கையோடு போனாள், வெறுங்கையோடு வந்தாள். மீதி மூன்று நிமிடத்தை நாள் முழுக்கத் தேடினான். கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். மாற்று ஆள் இல்லாததால் வேலைக்குப் போயே ஆக வேண்டும்.

"நான் லீவ் போட்டுட்டு உன்கூட இருக்கேன்" என்றான்.

அவளால் நம்ப முடியவில்லை. அன்று கருவி அறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். தட்டுகளைத் தூக்கினான், மூட்டை கட்டினான். சாப்பாட்டையும் அங்கேயே பிரித்தார்கள். எட்டிப் பார்த்த நர்சுகளிடம் அவள், "பாத்துக்கோங்கடி, இப்படி ஒருத்தர் கிடைக்கணும்" என்றாள். முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது.

மறுநாள் காலை லிஃப்டில் சூப்பர்வைசரம்மா தாளைப் பிரித்தார். "நேத்தும் 7.92" என்று தனக்குத்தானே சொன்னார்.

"இருக்காது மேடம்."

அந்தம்மா திரும்பிப் பார்த்தார், லிஃப்டே பேசியது போல.

"நேத்து பூரா நான் கூட இருந்தேன். அவ வாசல் தாண்டல."

"புருஷன் சாட்சி செல்லாதுப்பா" என்றார். ஆனாலும் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

விஷயத்தைக் கேட்ட மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"நான் ஒரு சுத்து தட்டினா இது எவ்வளவு போடுது மேடம்?"

சூப்பர்வைசரம்மா கம்ப்யூட்டரில் பார்த்தார். "மணிக்கணக்குல 0.33."

"துணி வெளுக்கிறவருக்கு?"

"அவருக்கு ஒரு சுத்து அரை மணி. 0.50."

"கட்டுத்துணி மடிக்கிற பொண்ணுக்கு?"

"கால் மணி. 0.25."

அவள் தாளைத் திருப்பிப்போட்டுப் பேனா கேட்டாள். இருபதை அறுபதால் வகுத்தாள்.

"இருபதுல அறுபது போகாது. புள்ளி வெச்சு ஒரு சைபர். இருநூறுல மூணு தடவ போகும். மிச்சம் இருபது. மறுபடி சைபர், மறுபடி இருநூறு, மூணு. மிச்சம் இருபது."

தாளின் ஓரம் வரை மூன்றாகவே எழுதிக்கொண்டு போனாள். இடம் தீர்ந்தது.

"மேசையிலயும் எழுதவா மேடம்? இது முடியாது. எத்தனை மூணு போட்டாலும் அந்த இருபது கீழே நிக்கும். அரை மணியும் கால் மணியும் புள்ளிக்கப்புறம் ரெண்டு இடத்துக்குள்ள முடிஞ்சிடுது. என்னுது முடியாது. கம்ப்யூட்டர் ரெண்டு மூணோட நிறுத்திட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடுது. இருபத்து நாலு தடவ போட்டா அதான் உங்க அஞ்சு நிமிஷம்."

சூப்பர்வைசரம்மா கால்குலேட்டரில் 0.33-ஐ இருபத்து நான்கால் பெருக்கினார். 7.92. கண்ணாடியைக் கழற்றினார்.

"சரிம்மா. நீ போய் வேலையைப் பாரு."

வெளியே வந்ததும் அவள் நின்றாள்.

"இந்த அஞ்சு நிமிஷம் உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு பத்து நாளா."

"என்கிட்ட சொல்லல."

அவன் லிஃப்ட் பக்கம் பார்த்தான்.

"நேத்து தட்டு தூக்க வந்தீங்களா, வாசலைப் பாக்க வந்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மன்னிச்சுக்கோ என்றாவது சொல்லியிருக்கலாம். அவன் வாயில் வந்தது வேறு.

"செவ்வாக்கிழமை எக்ஸ்ரே ரூமுக்கு எதுக்குப் போனே?"

அவள் அவனை நன்றாகப் பார்த்தாள்.

"அதையும் நீங்களே வகுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாள்.

கம்ப்யூட்டர்காரர் வந்து 0.33-ஐ 0.34 ஆக்கிவிட்டுப் போனார். அடுத்த நாள் அவளுக்கு 8.16. "இந்தப் பத்து நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று சூப்பர்வைசரம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் நிமிடமாகவே போடச் சொன்னார். அதன்பிறகு எல்லாருக்கும் 480. புள்ளி இல்லை. அவள் வேலைக்கு ஆபத்தில்லை.

வீட்டில் சோறு போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். மருத்துவமனையில் படியில் ஏறினாள்.

ஒன்பதாம் நாள், கருவித் தட்டுகள் நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குள் வந்தாள். வண்டியைப் படியில் ஏற்ற முடியாது.

"ரெண்டாவது மாடி."

"தெரியும்."

"சொல்லி வெச்சிட்டா நல்லது. அப்புறம் உங்களுக்கு ஒரு கேள்வி வரும்."

இரண்டாவது மாடியில் கம்பிக்கதவைத் திறந்தான். வண்டியை வெளியே தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

"இங்கேர்ந்து என் ரூமுக்குப் பதினாறு அடி. சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க."

நடந்தாள். எக்ஸ்ரே அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

கீழேயிருந்து மணி அடித்தது. மறுபடி அடித்தது. அவள் வைத்த அடிகளை அவன் ஒன்பது வரை எண்ணியிருந்தான்.