தலையாட்டி எடுத்த வான்கோழி

கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அருள்பிரகாஷ் வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரே காரணம்தான். ரத்தம் பேசாது. குழாயில் நிற்கும், சொன்னபடி சுழலும், கேள்வி கேட்காது. மனிதர்கள் அப்படியில்லை. "சாப்பிட்டியா?" என்று யாராவது கேட்டால்கூட, சரியான பதில் என்னவாக இருக்கும் என்று யோசிப்பான். யோசித்து முடிப்பதற்குள் கேட்டவர் சாப்பிடப் போயிருப்பார்.

இப்படிப்பட்டவனுக்குக் காதல் எப்படி வந்தது என்று கேட்கலாம். அவனுக்கு எங்கே வந்தது, அஞ்சலிக்கு வந்தது. அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட் வாங்க வந்தவள், ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவனைப் பார்த்தாள். அடுத்த மாதமும் வந்து பார்த்தாள். மூன்றாம் மாதம் அம்மாவுக்குப் பரிசோதனையே இல்லை, ஆனாலும் வந்தாள். பெயரைக் கேட்டவள் அவள், போன் நம்பரைக் கேட்டவள் அவள், பிடித்திருக்கிறது என்று சொன்னவளும் அவளே. அவன் பங்குக்கு "ம்" என்று ஒன்று சொன்னான். அந்த "ம்" மிக நன்றாக இருந்ததாக அஞ்சலி இன்றுவரை சொல்கிறாள். காதலுக்குக் கண் மட்டுமா இல்லை?

ஆனால் ஒரே ஒரு காரியத்தை மட்டும் தான் செய்ய மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"எங்கப்பாகிட்ட நீதான் வந்து கேக்கணும். உன் சார்பா நான் கேட்டேன்னு வெய்யி, பேசத் தெரியாதவனுக்கா பொண்ணக் குடுக்கணும்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாரு."

"எப்ப கேக்கணும்?"

"ஞாயித்துக்கெழம. எங்க சர்ச்சு பங்குத் திருவிழா ஏலம் முடிஞ்ச உடனே. ஏலம் விடுறது அப்பாதான், முடிச்சார்னா குஷியா இருப்பாரு. அத உட்டா இல்ல அருளு. அன்னிக்கே சாயங்காலம் காரைக்கால்லேருந்து பொண்ணு பாக்க வராங்க. அவங்களோட தட்டு மாத்துற அளவுக்கு அப்பா மனசுல எல்லாம் முடிவாயிடுச்சி."

அஞ்சலியின் அப்பா சூசைநாதன் பெரிய மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். விடியற்காலையில் அவர் தார்களை ஏலம் விடும் குரல் மீன் அங்காடி தாண்டிப் பூக்கடை வரைக்கும் கேட்கும் என்பார்கள். அந்தக் குரலுக்கு எதிரே போய் நின்று, தன் குரலில் ஒரு பெண்ணைக் கேட்க வேண்டும்.

அதனால்தான் அவன் கார்குழலியின் வகுப்பில் சேர்ந்தான். கார்குழலி சின்னப் பெண், ஒரு துணிக்கடை மாடியில் சனிக்கிழமைகளில் 'தயக்கமின்றிப் பேச' சொல்லிக்கொடுப்பவள். விற்பனைப் பையன்களும் வெளிநாடு போகிறவர்களும் நிறைந்த வகுப்பில், மாமனாரைச் சமாளிக்க வந்தவன் இவன் ஒருவன்தான்.

"பேச்ச விடுங்க சார்," என்றாள் கார்குழலி, அவன் விஷயத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது. "மொதல்ல உடம்பு பேசட்டும். அவர் பேசும்போது கண்ணப் பாருங்க. நல்லா தலையாட்டுங்க. அவர் கைய எப்படி வெச்சிருக்காரோ நீங்களும் அப்படியே வெய்ங்க. நம்மாளுன்னு அவருக்குள்ள தோணிடும். அப்பறம் நீங்க வாயத் தொறந்தா போதும், பாதி வேல முடிஞ்சிருக்கும்."

"அவங்க கையப் பார்த்து எப்படிப் புரிஞ்சிக்கறது?"

"உள்ளங்கை தெரிஞ்சா நம்பிக்கை. விரல மடக்கினா கோபம்."

அருள் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று ஒரு வாரம் தலையாட்டினான். கழுத்து நல்ல பழக்கத்துக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருவிழாப் பூசை முடிந்து, கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் மேடை போட்டிருந்தார்கள். ஒருபக்கம் பூசணிக்காய், கரும்புக் கட்டு, வாழைத்தார், மறுபக்கம் கால் கட்டிய கோழிகள். பங்கு மக்கள் காணிக்கையாகக் கொடுத்தவை. பேண்டு செட்டுக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் கைவரிசையைக் காட்டிவிட வேண்டுமென்று ஊதித் தள்ளினார்கள். அந்தச் சத்தத்தில் யார் கேட்பதும் மேடைக்கு எட்டாது. எனவே சூசைநாதன் வருஷா வருஷம் காதை நம்புவதில்லை, கண்ணை நம்புவார். தலை ஆடினால் ஒரு கேள்வி, அதாவது விலை ஒரு படி ஏறும். கை உயர்ந்தால் பெரிய கேள்வி. அந்தப் பங்கில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த சமாசாரம் இது. அருள் வேறு பங்குக்காரன்.

அவன் நேராக முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். சாய்வாக உட்காராமல், முன்னால் குனிந்து உட்கார்ந்தான். கண்ணைச் சூசைநாதனின் கண்ணில் பொருத்தினான்.

மேடைக்கு வந்தது ஒரு வான்கோழி. சாதாரண வான்கோழி இல்லை. கழுத்துத் தொங்கட்டான் சிவந்து, இறகை விரித்து, ஒரு நகராட்சித் தலைவரின் தோரணையில் கூட்டத்தைப் பார்த்தது. திருவிழா ஏலத்தில் கடைசிப் பொருள் அதுதான், மதிப்பும் அதற்குத்தான். அதை ஒவ்வொரு வருஷமும் எடுப்பவர் சொல்தா ஜோசப் ஆனந்த். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அதாவது சொல்தாவாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர். நொயேல் என்கிற கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி இல்லாவிட்டால் அவருக்குக் கிறிஸ்து பிறக்கவே மாட்டார்.

"யாரு கேக்குறீங்க?" என்று சூசைநாதன் மைக்கில் முழங்கினார்.

அருள் தலையாட்டினான். சொல்தா தலையாட்டினார். அருள் மறுபடி ஆட்டினான். தன் பேச்சுக்கு இப்படி ஒரு மரியாதையா என்று சூசைநாதனின் முகம் மலர்வதை அவன் கண்டான். கார்குழலி சொன்னது அப்படியே பலிக்கிறது. அவனுக்குள் குறுகுறுவென்று ஒரு சந்தோஷம் ஏறியது. சூசைநாதன் கையை உயர்த்தி விலை கூவினார். அவனும் கையை உயர்த்தினான். கூட்டம் "ஓ" என்றது. அந்தப் பக்கம் சொல்தா மீசையை முறுக்கிக்கொண்டு இவனைத் திரும்பிப் பார்த்தார்.

வடைக் கடை ஓரத்தில் நின்ற அஞ்சலிக்கு உயிரே போய்விட்டது. இரண்டு கைகளையும் விரித்து, வேண்டாம் வேண்டாம் என்று அவனைப் பார்த்து ஆட்டினாள். அருளுக்கு உள்ளங்கைகள் தெளிவாகத் தெரிந்தன. இரண்டு உள்ளங்கை. என்மேல் இவளுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று நெகிழ்ந்துபோய், முன்னிலும் பலமாகத் தலையாட்டினான்.

சொல்தா இன்னும் கொஞ்சம் போராடிப் பார்த்தார். பிறகு "மெர்த்" என்று பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தையை முனகிவிட்டு, கோயில் வளாகம் என்பது நினைவுக்கு வந்து சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அருளின் தலை நிற்கவில்லை.

சூசைநாதனுக்கே குழப்பமாகிவிட்டது. முப்பது வருஷ ஏலத்தில் இப்படி ஒரு ஆளை அவர் பார்த்ததில்லை.

"தம்பி, நீங்கதான் ஒசந்த கேள்வி. உங்களுக்கு மேல நீங்களே கேக்குறீங்களா?"

நல்ல கேட்பவனாக இருக்கிற வேலையில் அடியோடு மூழ்கிப்போனதால், அவர் சொன்னது எதுவும் அருள் காதில் விழவில்லை. உணர்ச்சி பொங்கத் தலையாட்டினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதியவன் சிரிப்பை அடக்க முடியாமல் ஊதியதில் ஒரு புது ராகம் வந்தது.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." சூசைநாதன் மேசையைத் தட்டினார். "மகராசன், நல்லாருங்க. மேல வாங்க."

யாரோ இருவர் அருளைத் தூக்கிவிட்டார்கள். யாரோ வான்கோழியை அவன் கையில் திணித்தார்கள். அப்போதுதான் அவனுக்கு விஷயம் விளங்கியது. அவன் அதைப் பார்த்தான். அது அவனைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் இந்த ஏற்பாட்டில் இஷ்டமில்லை.

அதோடு போயிருந்தால் ஒரு மாதச் சம்பளத்தோடு போயிருக்கும். ஆனால் அந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பொருளை எடுத்தவர், எந்தக் கருத்துக்காக, அதாவது எந்த வேண்டுதலுக்காக எடுத்தார் என்று மைக்கில் சொல்ல வேண்டும். மகனுக்கு வேலை கிடைக்க, அம்மாவுக்குக் கண் தெரிய, இப்படி. சபை முழுவதும் அதற்கு ஆமென் சொல்லும். பூசைக்கு நிகராக மதிக்கிற வழக்கம், தப்ப முடியாது.

"சொல்லுங்க தம்பி, என்ன கருத்து?" சூசைநாதன் மைக்கை அவன் வாயருகே நீட்டினார். பேண்டு நின்றுவிட்டது. வளாகம் முழுக்க முகங்கள்.

அருள் வகுப்புப் பாடத்தை நினைத்துப் பார்த்தான். கண்ணைப் பார்க்கலாமென்றால் நானூறு ஜோடிக் கண்கள். கையைச் சரியாக வைக்கலாமென்றால் கை நிறைய வான்கோழி. கார்குழலி சொன்னதில் ஒன்றுகூட உபயோகப்படவில்லை. மறைக்க இடமில்லாத ஒருவனிடம் மிச்சமிருப்பது உண்மை மட்டும்தான், அது பாட்டுக்கு வெளியே வந்தது.

"அஞ்சலிய நான் கட்டிக்கணும். அவங்கப்பா சம்மதிக்கணும். அதுக்காக."

"ஆமென்," என்றது சபை, பழக்க தோஷத்தில், ஒரே குரலாக.

அந்தக் குரலில் சூசைநாதனின் குரலும் இருந்தது. மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால் அவருடைய ஆமென்தான் எல்லோருடையதையும் விடப் பெரிதாகக் கேட்டது. சொன்ன பிறகு அவர் விழித்தார். சபையும் விழித்தது. பிறகு எங்கோ ஒரு மூலையில் ஒருவர் களுக்கென்று சிரிக்க, வளாகமே குலுங்கிப்போனது. சொல்தா நாற்காலியின் மேல் ஏறி நின்று கைதட்டினார். வான்கோழி தன் பங்குக்குக் களகளவென்று கத்தியது.

சிரிக்காதவர் சூசைநாதன் ஒருவர்தான். பெரிய மார்க்கெட்டையே எழுப்பிவிடும் மனுஷனுக்கு வாயிலிருந்து காற்றுதான் வந்தது. சிரிப்பு மெல்ல அடங்கியது. அஞ்சலி மேடையேறி வந்து நின்றாள்.

"ஏம்மா," என்றார் அவர், சின்னக் குரலில். "எங்கிட்ட முன்னாடியே ஏன் சொல்லல?"

"எங்க சொல்ல உட்டீங்க? காரைக்கால் பையன் நல்ல பையன்னு நீங்களே சொன்னீங்க, நான் சம்மதிச்சிட்டேன்னும் நீங்களே சொன்னீங்க. நான் மூணு தடவ ஆரம்பிச்சேன் பா. நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க."

சூசைநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் முகத்திலிருந்து அதை எடுக்கவில்லை. அருளின் கழுத்து பழக்கத்தில் ஆடப் பார்த்தது. அவன் அதை நிறுத்தினான். அவரை இப்போதுதான் முதல் தடவையாக உண்மையில் பார்த்தான். துண்டைப் பிடித்திருந்த விரல்கள் லேசாக நடுங்கின. இந்த நடுக்கம் அவனுக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து அவனுடைய சொந்த நடுக்கம் அது. அவருக்கு மகள்மேல் கோபமில்லை, அவன்மேலும் இல்லை. சொல்ல வேண்டிய ஒன்றை நினைத்து மனுஷன் பயந்துபோயிருக்கிறார். பாவமாக இருந்தது அருளுக்கு.

அவன் வான்கோழியை அஞ்சலியிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றான். காத்திருந்தான்.

"காரைக்கால்காரங்க வண்டி ஏறிட்டாங்க," என்றார் சூசைநாதன் துண்டுக்குள்ளிருந்து. "நான்தான் வாக்குக் குடுத்து வரச் சொன்னேன். குடும்பத்தோட வராங்க. அவங்க மூஞ்சியப் பாத்து நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நான் பேசுறேன் மாமா," என்றான் அருள்பிரகாஷ்.

யோசிக்கவே இல்லை. திக்கவும் இல்லை. சொன்னது தான்தானா என்று ஒரு கணம் அவனே திரும்பிப் பார்த்துக்கொண்டான். வளாகம் முழுக்கக் கேட்டிருந்தது, ஏனென்றால் மைக் இன்னும் சூசைநாதன் கையில் உயிரோடு இருந்தது. அஞ்சலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சூசைநாதன் துண்டை இறக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தார். மைக்கை அணைத்தார்.

"அஞ்சு மணிக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துருங்க," என்றார். "நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."