கல்லை மாற்றிவிடுங்கள், அண்ணி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, என் நாத்தனாருடையது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது வந்தாள். கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து தலையணை உறை ஒன்றை எடுத்தாள். அதை மடிப்பதும் பிரிப்பதுமாக எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் இரண்டு முறை எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

முடித்ததும், "எழுதணும்னா எழுதுங்க அண்ணி. ஆனா கல்லை மாத்திடுங்க" என்றாள்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் வைரத்துக்குள் ஒரு குறை இருக்கிறது. நான் எழுதப்போகும் குறை உண்மையான குறை அல்ல. உண்மையானது எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்கள் நல்லவர்தான், ஆனால் இந்தப் பக்கத்தை இன்னொருவரும் படிக்கலாம்.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

[மோதிரம் மின்னியது.]

நாத்தனார் சிரித்துவிட்டாள். எந்த மோதிரமும் தானாக மின்னாதாம், மின்ன வைக்க வேண்டுமாம். அது அவள் பிழைப்பு.

[பயம் என்பது] இதற்கு மேல் பேனா ஓடவில்லை.

மூன்றாவதுதான் நின்றது: மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கும் அறையில் அவள் கல்யாண மோதிரங்களைப் படம் எடுக்கிறாள். மிளகளவு மெழுகை உருட்டி வைத்து அதன்மேல் மோதிரத்தை நிற்க வைப்பாள். சுற்றிலும் மெல்லிய வெள்ளைத் தாளைக் கூண்டு போல வளைத்து, வெளியிலிருந்து விளக்குக் காட்டுவாள். தங்கம் எதிரே இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். சட்டை நிறம்கூட அதில் விழும் என்பதால் வேலை நாளில் கறுப்புச் சட்டைதான். ஒரே மோதிரத்தை, கேமராவின் கூர்மை விழும் இடத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, நாற்பது படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்ப்பாள். அதற்கும் முன்னால், படம் எடுக்கும்போதே, பேனா அளவு டார்ச் ஒன்றைக் கல்லுக்குப் பக்கவாட்டில் ஆட்டுவாள். அப்போதுதான் கல் கண் திறக்கும்.

ஒரு வியாழக்கிழமை காலை அவளிடம் ஒரு ஜோடி வந்தது. பெண்ணுக்குப் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. சிரித்தால் கீழே மருந்துக்கடை வரை கேட்கும். அவளைக் கல்யாணப்பெண் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், அவனை மாப்பிள்ளை என்று. இன்னும் பத்து நாளில் கல்யாணம். கல்யாணப்பெண் நோட்டில் கையெழுத்துப் போட்டு மோதிரத்தைக் கொடுக்க, சனிக்கிழமை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்கள்.

மாப்பிள்ளை விஷயத்தில் நான் சறுக்கினேன். முதல் பிரதியில் அவனுக்குச் சிவந்த கண்ணும் கரகரத்த குரலும் கொடுத்திருந்தேன். படித்துக் காட்டியதும் நாத்தனார் தலையை ஆட்டினாள்.

"அப்படி இருந்திருந்தா எனக்கென்ன பயம் அண்ணி? ரொம்ப மரியாதை. எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டதே அவர்தான்."

அடித்துவிட்டேன். இனி அவன் மரியாதையானவன்.

3

அன்று மத்தியானமே படங்களைச் சேர்த்துப் பெரிதாக்கினாள். கல் திரை முழுக்க விரிந்தது. ஓர் ஓரத்தில், தங்கக் கொக்கிக்குக் கீழே, காக்கைக் கால் போல மூன்று கீற்று.*

 இந்தக் காக்கைக் காலை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன், தொழிலுக்குப் புதிதாக வந்தபோது, இதே மூன்று கீற்றை அழிக்க ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டித் தோற்றிருந்தாள். பழைய படங்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே கல்தான். ஆனால் அது வேறொரு பெண்ணின் விரலில், நகம் கடித்த விரலில் இருந்தது. அந்தப் பெண் தனியாகத்தான் வந்திருந்தாள். அவள் கட்டிக்கொண்டவனை நாத்தனார் பார்த்ததே இல்லை.

மோதிரம் கை மாறி விற்கப்பட்டிருக்கலாம். ஊரில் நடக்காததா? அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பழைய நம்பருக்குப் போன் போட்டாள். மோதிரம் என்ற சொல்லைக் கேட்டதும் எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள்.

அரைமணி கழித்து வேறு நம்பரிலிருந்து அந்தப் பெண்ணே கூப்பிட்டாள்.

"அவர் உங்க முன்னாடி நிக்கிறாரா? ஆமா, இல்ல, இது மட்டும் சொல்லுங்க."

"இல்லம்மா. நான் தனியாத்தான் இருக்கேன்."

எதிர்முனையில் ஒரு கதவைச் சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்டது. பிறகு பேச்சு வந்தது. "அந்த மோதிரத்தைச் சோப்புப் பெட்டியில வச்சிட்டு, காலில செருப்புகூட இல்லாம ஓடி வந்தேன். மூணு ஊர் மாறிட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க அக்கா. ஆனா என்கிட்ட இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா..."

[அவன் அவளை என்ன செய்தான் என்றால்,]

இந்த வாக்கியம் முடியாமலே இருக்கட்டும். நான் கேட்டபோது நாத்தனார் தலையணை உறையைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

* முன்பே சொன்னேனே, இது மாற்றப்பட்ட குறை. காக்கைக் கால் இல்லை, மூன்றும் இல்லை.

4

மறுநாள் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மாப்பிள்ளை தனியாக வந்தான். சனிக்கிழமை வர வேண்டியவன்.

"இந்தப் பக்கம் ஒரு வேலை. அப்படியே பாத்துட்டுப் போலாம்னு" என்று சிரித்தான். "கல்லுக்குள்ள சின்னதா ஒரு கறை இருக்கும். யார் கண்ணுக்கும் தெரியாது. உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"பாத்தேன் சார்."

"அதை எடுத்துடுங்க. நல்லா மின்னணும்."

அவன் போகவில்லை. அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் மூச்சு அவள் உச்சந்தலையில் பட்டது. அவன் கண்ணெதிரிலேயே அவள் அந்த மூன்று கீற்றையும் துளித்துளியாக அழித்தாள். அழிக்க அழிக்க, இந்தப் படத்தில் இனி சாட்சி இல்லை என்று மனசு அடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் ஆனது.

"அழகா அழிக்கிறீங்க" என்றான். "பழைய படமெல்லாம் எவ்வளவு நாள் வச்சிருப்பீங்க?"

"ஆறு மாசம் சார். அதுக்கு மேல கம்ப்யூட்டர்ல இடம் இருக்காது."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே அதுவரை தெரியாதாம்.

"அப்ப மோதிரத்தை நானே எடுத்துட்டுப் போறேனே?"

"குடுத்தவங்கதான் கையெழுத்துப் போட்டு வாங்கணும். கோவிச்சுக்காதீங்க சார்."

கோபித்துக்கொள்ளவே இல்லை. "அதுவும் சரிதான். நாளைக்குச் சேர்ந்தே வர்றோம்" என்று சொல்லிப் போகும்போது, ஸ்டூலைப் பழைய இடத்தில் எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

5

நானாக இருந்தால் கடையைப் பூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்திருப்பேன். இவள் அன்று மூன்று மணிக்குப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள், பல் வலி என்று சொல்லிக்கொண்டு. டாக்டர் இன்னும் வரவில்லை. கல்யாணப்பெண் முகக்கவசத்தோடு குனிந்து, "என்னக்கா, ராத்திரி இனிப்பு சாப்பிட்டுப் பல் தேய்க்கலையா?" என்று சிரித்தாள்.

நாத்தனார் பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்துக் கொடுத்தாள். இரண்டிலும் கல் மட்டும்தான் இருந்தது, விரல் இல்லை. ஒன்றில் நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி, மற்றது வியாழக்கிழமை எடுத்தது, கீற்றை அழிக்காத பிரதி.

"இந்தக் கல்லு ஏற்கெனவே ஒரு கல்யாணம் பண்ணிருக்கு" என்றாள். "யார்னு கேக்காதே. அவர்கிட்ட கேக்கவே கேக்காதே."

கல்யாணப்பெண் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். முகக்கவசம் உள்ளே ஒட்டி ஒட்டி வெளியே வந்தது. "அவங்க அம்மா மோதிரம்னு சொன்னார்" என்றாள். பிறகு தணிந்த குரலில், "இதைப் போட்டிருந்தவங்க உயிரோட இருக்காங்களா?"

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். "நிஜமா?" என்று அவள் கேட்கவில்லை. "பொய்" என்று கத்தவில்லை. நானே கற்பனை செய்து எழுதியிருந்தால் அழ வைத்திருப்பேன். அவள் கேட்டது இந்த ஒரே கேள்விதான்.

"இருக்காங்க" என்றாள் நாத்தனார்.

கதவு தட்டப்பட்டது. "உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கார்" என்று வெளியிலிருந்து குரல். தினமும் ஐந்து மணிக்கு வருகிற மாப்பிள்ளை அன்று மூன்றரைக்கே வந்திருந்தான்.

கல்யாணப்பெண் படங்களை இடுக்கி வைக்கும் டிராயரில் போட்டு மூடினாள். ஒரு கை பஞ்சை எடுத்து நாத்தனாரின் வாயில் திணித்தாள். "ஒரு மணி நேரம் பேசக் கூடாது, கடிச்சிட்டே இருங்க!" என்று வெளியே கேட்கும்படி சொன்னாள்.

வரவேற்பறையில் அவன் எழுந்து நின்றான். "அட, நீங்களா? பல் வலியா?"

அவள் வாயைத் தொட்டுக்காட்டித் தலையசைத்தாள். பஞ்சு இல்லாவிட்டால் பல் தந்தியடித்தது கேட்டிருக்கும்.

6

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். கல்யாணப்பெண் அதே சிரிப்புச் சிரித்தாள். "அதைப் பாத்துத்தான் எனக்குப் பயமே வந்துச்சு அண்ணி. இப்படி எத்தனை நாளா சிரிக்கிறா இவ?"

"பல் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"பரவால்ல சார். இங்க வந்து பாருங்க, எப்படி மின்னுதுன்னு."

திரையில் மோதிரத்தைப் பெரிதாக்கினாள். பளிச்சென்று ஒரு நட்சத்திரம். அவன் குனிந்து பார்த்தான். தேடினான். ஒரு குறையும் இல்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த நேரத்தில் பின்னால் நோட்டில் பேனா கிறுக்கும் சத்தம். கையெழுத்துக்கு ஆகும் நேரத்தை விடக் கொஞ்சம் அதிகம்.

அவர்கள் இறங்கிப் போனதும் நோட்டைத் திறந்தாள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்: "கல்யாணத்தன்னைக்கு, ஞாயிறு காலை ஏழு. எங்க வீட்டுக்குப் படமெடுக்க வர்ற மாதிரி வாங்க. அன்னைக்கு மட்டும்தான் அவர் வேற வீட்ல இருப்பார். ஒரு பை ஏற்கெனவே கட்டி வச்சிருக்கேன்."

7

அந்த ஞாயிறு வந்தது, போய்விட்டது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதியும் பார்த்தேன்.

[பையோடு இரண்டு பெண்கள் படியிறங்கினார்கள். வண்டி]

[ஆறரைக்கே அவன் வாசலில் நின்றிருந்தான். கையில்]

[பை கிடைத்தது. அவள்]

மூன்றையும் அடித்துவிட்டேன். இவற்றில் ஒன்று உண்மையாக இருக்கலாம், மூன்றுமே நான் கட்டியவையாகவும் இருக்கலாம். அவள் போனாள் என்று எழுதினால் எந்தத் தெரு, எந்தப் பக்கம் என்று ஒரு சொல் என்னையறியாமல் விழுந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்காகவே இதைப் படிக்கிற ஒருவன் இருக்கிறான், மிகவும் மரியாதையானவன். போகவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். அந்தப் பெண் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுங்கள். உள்ளே தாழ் போடும் கதவாகப் பார்த்து இறக்கிவிடுங்கள்.

ஆனால் எந்த இடம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். என்னிடமும்தான்.