கீழத்தெருவுக்கு இங்கிலீஷில் என்ன?

எங்கள் தெருமுனையில் நட்டிருந்த புதுப் பலகையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழில் 'கீழத்தெரு' என்று எழுதியிருந்தார்கள். அதுவரை சரி. அதற்கு அடியில் ஆங்கில எழுத்தில் 'லோயர் ஸ்ட்ரீட்'. அந்தப் பக்கம் மேலத்தெருவுக்கு 'அப்பர் ஸ்ட்ரீட்'. எவனோ செல்போனைத் தட்டி, அது துப்பியதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். வீடு கடலூர்ப் பக்கம், கடலை ஒட்டிய குப்பத்தில். கணவர் பாண்டியனும் மாமனார் பச்சமுத்துவும் கடலுக்குப் போகிறவர்கள். ஆன், இன், அண்டர், ஓவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போன என் வாசலிலேயே இந்தக் கூத்து. கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு. மேலத்தெரு என்றால் மேற்குத் தெரு. இது தெரியாத ஆள் தமிழ்நாட்டில் எந்த ஊரில் வழி கேட்டுப் போய்ச் சேர்ந்திருப்பான்?

"வுடு குணா, பலகைதான? உப்புக் காத்துல துருப் புடிச்சிப் போயிடும்" என்று பாண்டியன் சிரித்தார்.

துருப் பிடிக்கும்வரை யாரும் பொறுக்கவில்லை. மழைக்காலத்துக்கு முன்பு ஓர் அறிவிப்பு வந்தது. தாழ்வான பகுதியில் இருப்பவர்களுக்கு உள்ளே காடாம்புலியூர் முந்திரிக்காட்டுப் பக்கம் அடுக்குமாடி வீடு கட்டிக் கொடுப்பார்களாம். இங்கே காலி செய்துவிட வேண்டுமாம். முதல் பெயரே எங்கள் தெரு. மாமா கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"முந்திரிக்காட்டுல வலைய எங்கம்மா வீசுறது?"

மறுநாளே அவரை அழைத்துக்கொண்டு, அந்த வேலையைப் பார்க்கும் அதிகாரி சுப்பிரமணியனிடம் போனேன். மரியாதையான மனிதர்தான். உட்காரச் சொன்னார்.

"ரெக்கார்டுலயே லோயர்னுதான் இருக்கு, மேடம்."

"அது தப்பு சார். கீழன்னா கெழக்கு."

"கீழன்னா தாழ்வுன்னும் அர்த்தம் இருக்கே? மல மேக்க, கடல் கெழக்க. தண்ணி எறங்குற பக்கம்ங்கிறதாலதான கெழக்குக்கே அந்தப் பேர் வந்துச்சி?"

மனிதர் படித்திருக்கிறார். சொல் பிறந்த கதை தெரிந்திருக்கிறது. எங்கள் தெரு மணல்மேட்டில் இருக்கிறது, அதைத் தாண்டி மேற்கே இருக்கும் மேலத்தெருதான் பள்ளம், அங்கேதான் வருஷாவருஷம் தண்ணீர் நிற்கும் என்பது மட்டும் தெரியவில்லை. ஒரு நாள் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"சிதம்பரத்துல கீழ வீதிக்கு இங்கிலீஷ்ல என்ன சார்? ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட். அத லோயர்னு எழுத எவனுக்காவது தைரியம் இருக்கா? அங்க ஈஸ்ட், எங்களுக்கு மட்டும் லோயரா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

"ஐ அண்டர்ஸ்டாண்ட், மேடம்" என்றார் அவர்.

"இல்ல சார், அண்டர்ஸ்டாண்ட் பண்ணல. அண்டர்னா கீழன்னு மட்டும் இல்ல. பழைய இங்கிலீஷ்ல நடுவுலன்னும் ஒரு அர்த்தம் இருந்துச்சி. நடுவுல போயி நின்னாத்தான் புரியும்னு அந்த வார்த்தையே வந்துச்சின்னு சொல்லுவாங்க. நீங்க எங்க தெருவுல வந்து ஒரு நாளாவது நின்னீங்களா?"

அவர் பேனாவை மூடினார். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம். அதற்கு அகராதி வேண்டாம். பஸ்ஸில் திரும்பினோம். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்.

ஐப்பசியில் மழை கொட்டியது. விடிந்தபோது மேலத்தெருவில் முழங்காலளவு தண்ணீர். பாயும் பாத்திரமும் பிள்ளைகளுமாக மேலத்தெரு மொத்தமும் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் நான்கு குடும்பம். உலை கொதித்துக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டுப் பொட்டலங்களோடு சுப்பிரமணியனின் ஜீப் வந்தது. அப்பர் ஸ்ட்ரீட் பலகைக்குப் பக்கத்தில் சைலன்சரில் தண்ணீர் புகுந்து நின்றுபோனது. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அவர் இறங்கினார். மாமா மேட்டில் நின்று கையை நீட்டினார்.

"லோயர் ஸ்ட்ரீட்டுக்கு ஏறி வாங்க சார். பாத்து, மேடு வழுக்கும்."

அவர் ஏறி வந்தார். எங்கள் வாசலில், ஈரத் தலையோடு நின்ற கூட்டத்துக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். கிழக்கே எங்கள் முற்றத்தில் மணல் மழையைக் குடித்துவிட்டு நின்றது. மேற்கே அவருடைய ஜீப் நின்றது. அவர் ஆபீசுக்குப் போன் போட்டார். காற்று இரைந்ததால் ஸ்பீக்கரில் வைத்துக் கத்தினார்.

"கீழத்தெருவ லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க. ஆமா, மொத்தமா. மேலத்தெருவுக்கு வடிகால் வேணும்னு எழுதிக்குங்க."

அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"அப்பர் ஸ்ட்ரீட்டுக்கு எதுக்கு சார் வடிகால்?"

சுப்பிரமணியன் என்னைப் பார்த்தார். இன்னொரு முறை பாடம் நடத்த எனக்குத் தெம்பில்லை. போனை வாங்கி மாமாவிடம் கொடுத்தேன்.

"தம்பி, நீயும் ஏறி வா" என்றார் மாமா. "பாத்து வா. மேல தண்ணி ஜாஸ்தி."