சிங்கம் மாதிரி இருப்பவருக்கு ஊசி எதற்கு?

என் வீட்டுக்காரருக்கு வாய் கொஞ்சம் கம்மியாக இருந்திருந்தால் எனக்கு இந்த ரத்தக்கொதிப்பே வந்திருக்காது. அவருக்கு இருக்கும் வியாதி வேறு. விரல் மூட்டெல்லாம் வீங்கி, மரக்கட்டை மாதிரி விறைத்துப்போகும் மூட்டுவாதம். தீராத வியாதி, ஆனால் அடக்கி வைக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி ஒன்று வந்த பிறகுதான் அந்த விரல்கள் மறுபடி கத்தரிக்கோல் பிடித்தன. எங்களுடையது சலூன். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான், நடுவில் ஒரு திரை. அவர் விரல் நின்றால் பாதிக் கடை படுத்துவிடும்.

அந்த ஊசியின் விலையைக் கேட்டால் ஊசி போடாமலே மயக்கம் வரும். கடையின் மொத்த வருமானத்தையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் பத்தாது. இன்சூரன்ஸ் கம்பெனி பெரும்பங்கைக் கட்டுவதால்தான் எங்கள் வண்டி ஓடுகிறது. அந்த மகராசர்களோ வருஷத்துக்கு ஒரு முறை, ஏதோ நாங்கள் ஆசைப்பட்டு வியாதியை வளர்ப்பது போல, "இன்னுமா சரியாகலை?" என்று விசாரிப்பார்கள். அவர்கள் புதிதாக அனுமதி போட்டால்தான் மருந்துக்கடையில் ஊசியைக் கண்ணிலேயே காட்டுவார்கள்.

இந்த வருஷமும், ஊசி சூடாகாமல் கொண்டுவர ஐஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அக்கா, கம்பெனி முடியாதுன்னுடுச்சு."

"எதை முடியாதுன்னுச்சு?"

"ஊசி தேவையில்லையாம். பழைய மாத்திரையே போதுமாம்."

பழைய மாத்திரையாம்! அது வயிற்றைப் புண்ணாக்கியதே தவிர விரலுக்கு ஒரு மண்ணும் செய்யவில்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பதோ ஒரே ஒரு ஊசி.

அங்கேயே நின்று கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காதைப் புண்ணாக்கிய பிறகு ஒருவர் வந்தார். ரொம்ப மரியாதையான குரல். எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

"மேடம், போன மாசம் எங்க நர்ஸ் உங்க சார்கிட்ட ஃபோன்ல விசாரிச்சிருக்காங்க. அவர் சொன்னது அப்படியே இருக்கு. படிக்கட்டுமா?"

"படிங்க."

"'வலின்னா என்னன்னே மறந்துபோச்சுங்க. நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறேன். சிங்கம் மாதிரி இருக்கேன்.' அவ்வளவுதான் மேடம்."

நான் ஃபோனை வைத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தேன். சிங்கம் ஒருவருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தது. அந்த ஆள் எழுந்து, கண்ணாடியில் இடது பக்கம் பார்த்து, வலது பக்கம் பார்த்து, காசைக் கொடுத்துவிட்டுப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டேன்.

அவர் துண்டை உதறிக்கொண்டே சொன்னார். "அந்த நர்ஸ் கூப்பிட்டப்போ சேர்ல ஆள் இருந்தார். பாதி ஷேவிங். ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். கழுத்துல கத்தியை வச்சுக்கிட்டு, 'எனக்கு சில சமயம் விரல் என் பேச்சைக் கேக்காது'ன்னு சொல்லச் சொல்றியா? நுரையோட எழுந்து ஓடியிருப்பார்!"

கோபமாக இருக்கும்போது சிரிப்பு வருவதைப் போல எரிச்சல் தருவது வேறு எதுவுமில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. எங்கள் தொழிலில் சேரில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு வேண்டுமானாலும் புலம்பலாம். பக்கத்தில் நிற்பவர் புலம்பக் கூடாது.

எங்கள் டாக்டர் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். கெஞ்சிக் கூத்தாடியதில் அவர்களுடைய டாக்டரே என் வீட்டுக்காரரிடம் ஃபோனில் பேசி முடிவு செய்வதாகச் சம்மதித்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம். அந்த டாக்டரும் முடியாது என்றால் அதோடு கதை முடிந்தது.

இவரை நம்பி எப்படி விடுவது? நாத்தனாரைக் கூப்பிட்டேன். இவருடைய அக்கா. புலம்புவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தும்மல் வந்தால்கூட நான்கு வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிறவர்.

"எப்படி இருக்கீங்கன்னு நான் கேக்கறேன், நீ பதில் சொல்லுடா," என்று நாத்தனார் ஆரம்பித்தார். "எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்க்கா. நீ எப்படி இருக்கே?"

"நாசமாப் போச்சு! முதல்ல ஒரு பெருமூச்சு விடணும். அப்புறம், 'என்னத்தைச் சொல்றது'ன்னு இழுக்கணும். எங்கே, இழு."

இவர் இழுத்தார். கொட்டாவி விட்ட மாதிரி இருந்தது. நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு, "உனக்கு வியாதி வந்தே வேஸ்ட்டுடா," என்று எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமைக்குள் கடைசி ஊசியும் போட்டாகிவிட்டது. கடைக் கதவை நானே சாத்தினேன். சேரில் ஆள் இருந்தால்தானே வம்பு? காலிச் சேரில் இவரையே உட்காரவைத்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"வணக்கம். எப்படி இருக்கீங்க?" என்றார் கம்பெனி டாக்டர். வயசான பெண்குரல்.

"ரொம்ப நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க சாப்பிட்டாச்சா?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! "டாக்டர், நான் இவர் சம்சாரம் பேசறேன். இவர் நல்லாத்தான் இருக்கார். ஊசி போடறதாலதான் நல்லா இருக்கார். கண்ணாடி போட்டா நல்லாத் தெரியுதுன்னு ஒருத்தர் சொன்னா, அதான் நல்லாத் தெரியுதேன்னு கண்ணாடியைப் பிடுங்கிக்குவீங்களா?"

போச்சு, காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நியாயமான கேள்விதாம்மா," என்றார் டாக்டர். "சரி சார், இப்போ எப்படி இருக்கீங்கன்னு நான் கேக்கல. ஊசிக்கு முன்னாடி, காலையில எழுந்ததும் எப்படி இருந்தது? அதை மட்டும் சொல்லுங்க."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார்.

"பாத்ரூமுக்குள்ள மாட்டிக்குவேன் டாக்டர்."

"புரியலையே."

"தாழ்ப்பாளை உள்ளங்கையால தள்ளிப் போட்டுடலாம். திறக்கத்தான் விரல் வேணும். விரல் மடங்காது. வெந்நீர் ஊத்தி ஊத்தி, கொஞ்சம் இளகற வரைக்கும் உள்ளேயே உக்காந்திருப்பேன். சில நாள் அரை மணி, சில நாள் அதுக்கும் மேல. இவ வெளிய நின்னு கத்துவா. பேப்பர் படிக்கிறேன்னு சொல்லிடுவேன்."

எங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவதே இல்லை. கடைக்குத்தான் வரும். அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. சேரின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்போ?" என்றார் டாக்டர்.

"இப்போ டக்குன்னு திறந்துடறேன் டாக்டர்."

"ஊசி தொடரட்டும். இன்னைக்கே அனுமதி போட்டுடறேன். அடுத்த வருஷம் யாராவது கேட்டா இதையே சொல்லுங்க." வைப்பதற்கு முன், "நான் சாப்பிட்டாச்சு," என்றும் சொன்னார்.

இவர் சேரை ஒரு சுற்றுச் சுற்றி, "பார்த்தியா, ஜெயிச்சாச்சு!" என்றார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்கவில்லை.

"திறக்க முடியாதுன்னு தெரியுதுல்ல? அப்புறம் எதுக்குத் தாழ்ப்பாளைப் போட்டீங்க?"

"பிரஷ்ஷை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு பல் தேய்ப்பேன். அதை நீ பார்த்துடுவியேன்னுதான்."

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கடைக் கதவைத் திறந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். ஊசி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இனிமேல் இந்த வீட்டில் அது கிடையாது. "அப்போ உள்ள ஆள் இருக்கறது எப்படித் தெரியும்?" என்றார் வந்திருந்த நாத்தனார். பாடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் குளிப்பதில்லை.

இவர் பாடுகிறார். ஐயோ, அந்தப் பாட்டு! சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடுகிறது. போன வாரம் ஒரு நாள் பாதிப் பாட்டில் சத்தம் நின்றுபோனது. நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். வாய் நிறைய நுரையோடு, ஒற்றைக் கையில் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னாச்சு?"

"அடுத்த வரி மறந்துபோச்சு."

அந்த வரியை எடுத்துக்கொடுத்துவிட்டு வந்தேன்.