ஏழு பெட்டிகளும் அறுபத்து மூன்று ஹேங்கர்களும்

வீடு மாற்றிக் கொடுக்கும் லாரிக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவரை எல்லாரும் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். தொழிலால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது தொழிலால் வந்ததில்லை. அவர் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாக நின்ற ஏழு பெட்டிகளால் வந்தது.

சாதாரண ட்ரங்குப் பெட்டிகள் இல்லை அவை. ஆள் மார்பு உயரத்துக்கு நிமிர்ந்து நிற்பவை. அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் போனவர்கள், அலமாரியையே கூட எடுத்துப்போவதற்காகச் செய்துகொண்டவை. நடுவில் பூட்டைத் திறந்தால் புத்தகம் போல இரண்டாக விரியும். ஒரு பாதியில் சட்டைகளும் கோட்டுகளும் தொங்கவிடக் கம்பி. மறு பாதியில் ஐந்து இழுப்பறைகள், அடியில் செருப்புக்கு ஓர் அறை. ஒன்றில் மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகைகூட உண்டு.

பெட்டி கிடைப்பது பெரிய விஷயமில்லை என்பார் அவர். காலிசெய்யப்படும் பெரிய வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் ஏதாவது ஒன்று கிடக்கும். வேண்டாத சுமை என்று அவர்களே தள்ளிவிடுவார்கள். கஷ்டம் அதனோடு பிறந்த சாமான்களைத் தேடிப் பிடிப்பதுதான். ஹேங்கர்கள், செருப்புப் பைகள், அழுக்குத்துணி மூட்டை, துணி ஆடாமல் பிடித்துக்கொள்ளும் மரச்சட்டம், சாவி. மூன்றாவது பெட்டிக்கு ஒரே ஒரு ஹேங்கர் குறைந்தது. பதினோரு வருடம் தேடினார். கடைசியில் அது ஒரு சலவைக் கடையில், ஈரத் துண்டைத் தாங்கிக்கொண்டு தொங்கியது. இரண்டு புது ஹேங்கர்களைக் கொடுத்து அதை வாங்கி வந்து, கைகூடக் கழுவாமல் பெட்டியில் மாட்டினார். மனைவியைக் கூப்பிட்டு மூடிக் காட்டினார்.

"சத்தத்தைக் கேட்டியா?"

"கேட்டேன். சாப்பாடு ஆறுது."

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுபவள். சீட்டு இல்லாத எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை பரபரக்கும்.

"எது எந்தப் பெட்டியோடதுன்னு ஒரு சீட்டாவது ஒட்டி வைங்களேன்."

"பசை மரத்தைத் தின்னுடும். எல்லாம் இங்க இருக்கு," என்று நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. இருபது நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கை மடியில் செத்த மீன் மாதிரி கிடந்தது. பேச்சு போயிருந்தது. முழுக்கப் போயிருந்தாலாவது பழகியிருக்கும். ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது.

"பசிக்குதா?"

"நாளைக்கு."

"லைட்டை அணைக்கவா?"

"நாளைக்கு, நாளைக்கு."

வேறு என்னவோ சொல்லத்தான் வாயைத் திறப்பார். வெளியே விழுவது அதுவாக இருக்கும். தன் காதிலேயே அது விழும்போது அவர் முகம் சுருங்குவதை மனைவியால் பார்க்க முடியாது. முதல் வாரம் ஒருமுறை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

வீடு முதல் மாடியில். இனி படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவியின் தம்பி தன் வீட்டின் பின்பக்கத்தில் தரைத்தளத்தில் இருந்த இரண்டு அறைகளை ஒழித்துக் கொடுத்தான். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சக்கர நாற்காலி திரும்ப இடம். அதற்கு மேல் ஒரு பெட்டி வைக்கலாம். ஏழு வைக்க முடியாது.

பழைய பயணச் சாமான்களுக்காகக் காட்சியகம் நடத்தும் ஒரு பெண் முன்பு இரண்டு முறை வந்து கேட்டிருந்தாள். இரண்டு முறையும் பெட்டிக்காரர் டீ கொடுத்து அனுப்பிவிட்டார். இந்த முறை மனைவியே போன் செய்தாள். அந்தப் பெண் வந்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் மண்டியிட்டுப் பார்த்தாள்.

"அம்மா, பெட்டிகளை நாங்க நல்லாப் பாத்துப்போம். எல்லாத்தையும் திறந்த மாதிரியே வைக்கணும்னு ஆசை. இவ்வளவு முழுசா எங்கயும் கிடைக்கல. உள்ள இருக்கறது எதுவும் மாறாம அப்படியே வரணும், அது ஒண்ணுதான்."

"அப்படியே இருக்கு. எதையும் தொடமாட்டோம்."

வெள்ளிக்கிழமை லாரி வருவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை மனைவி அவரைக் கை கால் பயிற்சிக்கு அழைத்துப் போனாள். வீட்டுச் சாவி தம்பியிடம் இருந்தது. அவன் நல்லவன். அக்கா தனியாகக் கிடந்து அல்லாடுகிறாளே என்று அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவன். ஏழு பெட்டிகளையும் திறந்து, தூசி தட்டி, உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து, துடைத்து, வகைவகையாகப் பிரித்துக் கட்டிவிட்டான்.

அவர்கள் திரும்பி வந்தபோது கூடத்தில் மூன்று மூட்டைகள் இருந்தன.

"அக்கா, பாரு. ஹேங்கர் மட்டும் அறுபத்து மூணு. எல்லாம் ஒரே சாக்குல. பை எல்லாம் இதுல. மரச்சட்டம் எல்லாம் அதுல. சாவி ஏழையும் ஒரே வளையத்துல கோத்துட்டேன். இனிமே தேடவே வேணாம்."

பெட்டிக்காரர் சாக்கைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். இடது கையால் நாற்காலிக் கைப்பிடியை ஓங்கி அடித்தார்.

"நாளைக்கு! நாளைக்கு! நாளைக்கு!"

"என்ன மாமா, நாளைக்குச் செய்யணுமா? நான் இன்னிக்கே முடிச்சிட்டேனே," என்றான் தம்பி, சந்தோஷம் குறையாமல்.

அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு ஏதோ உறைத்தது. "தப்பு பண்ணிட்டேனாக்கா?"

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டினால் எதுவும் பெட்டிக்குள் திரும்பிப் போகப் போவதில்லை. தவிர, இனி அவன் வீட்டில்தான் இருக்கப்போகிறார்கள்.

"இவருக்குத் தெரியும்டா. ஒவ்வொண்ணாக் காட்டிக் கேட்டுக்கறேன். நீ போய்ட்டு வா."

சாவிகளில் எண் இருந்தது. பூட்டிலும் அதே எண். அது பத்து நிமிஷத்தில் முடிந்தது. அவளுக்குத் தெம்பு வந்தது. ஹேங்கர்களில் எண் கிடையாது. எல்லாம் ஒரே தேன் நிறம், ஒரே வளைவு. மாட்டிப் பார்த்தாள். ஒரே ஹேங்கர் மூன்று பெட்டிகளில் பொருந்தியது.

செவ்வாய் மதியம் அவரைப் பெட்டிகளுக்கு எதிரே உட்கார வைத்தாள். ஒரு ஹேங்கரை எடுத்து மடியில் கொடுத்தாள். இடது கையால் அதைத் தடவினார். நுனியை விரலால் நெருடினார். முகத்தில் பழைய ஆள் வந்து எட்டிப் பார்த்தார்.

"இது முதல் பெட்டியா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று.

"ரெண்டாவதா?"

இல்லை.

"மூணாவது?"

ஆமாம் என்று தலையசைத்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்றாவது பெட்டியில் மாட்டிவிட்டு வந்தாள். இருட்டுவதற்குள் இருபத்தெட்டு ஹேங்கர்கள் இடம் சேர்ந்தன. அன்று அவர் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

புதன்கிழமை மீதியை எடுத்தாள். எல்லாம் சுலபமாகவே போனது. கடைசியில், பெட்டிக்கு ஒன்பது என்று கணக்குப் பார்த்தபோது மூன்றாவது பெட்டியில் பத்தொன்பது ஹேங்கர்கள் நெருக்கிக்கொண்டிருந்தன. ஐந்தாவதில் இரண்டே இரண்டு. மூன்றாவது பெட்டி மூடவில்லை.

பரிசோதனை நிலையத்தில் முடிவு சந்தேகமாக இருந்தால் அதே ரத்தத்தை இரண்டாம் முறை ஓட்டிப் பார்ப்பார்கள். அவள் கை தன்னால் போய், நேற்று முதலில் காட்டிய ஹேங்கரை எடுத்தது. அதன் கழுத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்ததால் அவளுக்கு அது நினைவிருந்தது. மறுபடி மடியில் கொடுத்தாள்.

"இது எதோடது?"

தடவினார். நெருடினார். அதே கவனம், அதே முகம்.

"முதல் பெட்டியா?"

ஆமாம்.

 வேண்டாம் என்று மனம் சொல்லச் சொல்லக் கேட்டாள்.

"ஏங்க, என் பேரு உங்களுக்குத் தெரியும்தானே?"

ஆமாம்.

"நாம இப்போ இருக்கறது ஆஸ்பத்திரிதானே?"

அவர் அவளையே பார்த்தார். தலை ஆமாம் என்று அசைந்தது. அசைந்த பிறகு அவர் கண்ணில் பயம் வந்தது. தலை அசைந்தது தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தலையும் வாயைப் போலவே ஆகிவிட்டது என்பதை இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தெரிந்துகொண்டார்கள். நேற்று அவர் சொன்னதும் இன்று சொன்னதும் உள்ளே அவர் நினைத்ததுதானா, இல்லை நினைத்தது ஒன்றும் அசைந்தது ஒன்றுமா, யாரால் சொல்ல முடியும்? உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

அவர் அந்த ஹேங்கரைத் தரையில் வைத்தார். எறியவில்லை. மெதுவாகக் குனிந்து வைத்தார்.

"பரவாயில்லைங்க," என்றாள் அவள். என்ன பரவாயில்லை என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காட்சியகத்துப் பெண் வந்தாள். மாட்டியதையெல்லாம் கழற்றி மறுபடி சாக்கில் போட்டு வைத்திருந்த மனைவி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பெண் கோபப்படவில்லை. சாக்கைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"அப்ப பெட்டிகளை மூடித்தான் வைக்கணும்மா. எதையாவது உள்ள மாட்டி வெச்சு, இதுதான் ஒரிஜினல்னு பொய் எழுத முடியாது. இதையெல்லாம் தனியா எடுத்து வைக்கிறோம். பின்னால யாராவது கண்டுபிடிக்கலாம்."

"யாரு கண்டுபிடிப்பாங்க?"

அந்தப் பெண் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொண்டாள்.

ஒரு பெட்டி அவர்களுக்கு. எதை வைத்துக்கொள்வது என்று அவரிடம் கேட்க மனைவிக்குத் தைரியம் இல்லை. அவர் ஏதாவது ஒன்றைக் காட்டுவார். அதுதானா என்ற சந்தேகம் காலம் முழுக்க அவளைத் தின்னும். அவளாகவே மூன்றாவதைத் தொட்டு, "இது இருக்கட்டும்," என்றாள். சாக்கிலிருந்து அதற்குப் பொருந்திய ஒன்பது ஹேங்கர்களை எடுத்து மாட்டினாள். பதினோரு வருடம் தேடிய ஹேங்கர் அதில் இருந்ததோ, லாரியில் போனதோ.

லாரிக்காரர்கள் அவருடைய பழைய கம்பெனி ஆட்கள்தான். ஒவ்வொருவராக வந்து அவர் தோளைத் தொட்டு, "அண்ணே, சும்மா பூ மாதிரி இறக்கிடறோம்," என்று சொல்லிப் போனார்கள். ஆறு பெட்டிகளும் படியில் இறங்கின. ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். லாரி கிளம்பியதும் தம்பி ஜன்னலை மூடப் போனான். அக்கா வேண்டாம் என்று கை காட்டினாள்.

புது இடத்துக்கு வந்து இரண்டு மாதமாகிறது. பெட்டி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறது. கட்டில் இடிப்பதால் முழுதாகத் திறக்க முடியாது. ஒரு சாண்தான் விரியும். காலையில் பல் தேய்த்துவிட்டதும் அவர் நாற்காலியை அதன் பக்கம் உருட்டிக்கொண்டு போகிறார். அந்த இடுக்கில் இடது கையை விட்டு, உள்ளே தொங்குவதை ஒவ்வொன்றாகத் தடவுகிறார். கடைசி வரைக்கும் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

முதலில் சில நாள் மனைவி, "என்னங்க வேணும்? எடுத்துத் தரவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலைத் தள்ளிப் போட முடியுமா என்று தம்பியும் அவளும் அளந்து பார்த்தார்கள். முடியாது. இப்போது அவள் கேட்பதில்லை. இடுக்கில் அவர் மணிக்கட்டு உரசாமல் இருக்க ஒரு துண்டை மடித்து விளிம்பில் போடுகிறாள். அரை மணி நேரம் ஆகும். அதற்குள் சாதத்தை வடித்துவிட்டு, வேலைக்குப் போகப் புடவை மாற்றிக்கொள்கிறாள்.