வீட்டுத் தலைவரின் கையெழுத்து

என் கணவர் கனகசபாபதி இறந்து பதினொரு வருடமாகிறது. பொலிஸாரின் கணினியில் மட்டும் அவர் இன்னும் கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுடன் குடியிருந்தார். அதற்குக் காரணம் நான்தான்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நிரப்பிக் கொடுக்க, வருடா வருடம் பொலிஸ் நிலையத்திலிருந்து ஒரு படிவம் வரும். அவர் போனபோது மகள் ஹம்சிகாவுக்குப் பதினான்கு வயது. இரண்டு பெண்கள் தனியே இருக்கிறோம் என்று எழுதிக் கொடுக்க எனக்கென்ன விசரா? வீட்டுத் தலைவர் என்ற இடத்தில் அவர் பெயரையே எழுதி, அவருடைய கையெழுத்தையும் நானே போட்டேன். எவரும் கேட்கவில்லை. அடுத்த வருடமும் அப்படியே செய்தேன், அதற்கடுத்த வருடமும். ஹம்சிகாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி வேலை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விசாவுக்குப் பொலிஸ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். புதன்கிழமையாகியும் வரவில்லை. நான் பல்கனிக்கும் குசினிக்குமாக நடந்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. "சும்மா இருங்கோ அம்மா" என்றவள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தாள். பத்து மணிக்கு நிலையத்திலிருந்து அழைத்து இருவரையும் வரச் சொன்னார்கள்.

கணினிக்கு முன்னால் பஹ்மா என்ற பெண் கான்ஸ்டபிள் இருந்தாள். நல்ல காலம், தமிழ் பேசும் பிள்ளை.

"மகள்ட பேர்ல ஒரு பிரச்சினையும் இல்ல ஆன்ட்டி. அவ உங்கட வீட்டிலதான் இருக்கிறா எண்டு வீட்டுத் தலைவர் வந்து ஒரு சைன் வெச்சாச் சரி. அவர் எங்க?"

வேலைக்குப் போயிருக்கிறார் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பார்கள். எங்கே போய்க் கூட்டி வர?

"அவர் இல்லை, பிள்ளை. செத்துப் பதினொரு வருசம்."

பஹ்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். போன ஜனவரியில் கொடுத்த படிவத்தைப் படமெடுத்து ஏற்றி வைத்திருந்தார்கள். கீழே கனகசபாபதியின் கையெழுத்து.

"அப்ப இது யாரு வெச்ச?"

"நான்."

"என்னம்மா இது?" என்றாள் ஹம்சிகா. நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

பஹ்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவர் பெயரை நீக்கி என்னை வீட்டுத் தலைவராகப் போட்டால்தான் நான் கையெழுத்து வைக்கலாமாம். ஆனால் ஒரு பெயரை நீக்குவதென்றால், ஏன் இவ்வளவு நாளும் நீக்கவில்லை என்ற காரணத்தைக் கணினி கேட்குமாம். அதில் இரண்டே காரணங்கள்தான். வேண்டுமென்றே மறைத்தது என்றால் விசாரணை, ஒரு மாதமாவது இழுக்கும். மற்றது, அறிவிக்க மறந்தது.

"மறந்திட்டீங்க எண்டு போடுறன். இண்டைக்கே சேர்ட்டிபிகேட் ஓகே ஆகும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "நான் மறக்கேல்லை, பிள்ளை. பயத்தில எழுதினனான். பயம் எண்டு போடுங்கோ."

"யாரப் பார்த்துப் பயம்?"

"ஆரைப் பார்த்தெண்டு சொல்ல? பொலிஸ் உங்களையும் பார்த்துத்தான்."

அவள் கோபிக்கவில்லை. "பயம் எண்டு இதில இல்லையே ஆன்ட்டி. ரெண்டில ஒண்டு சொல்லுங்க."

பதினொரு வருடத்தில் ஒரு நாள், ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரமாவது அந்த மனுசனை மறந்திருப்பேனா? ஹம்சிகா அழுதுகொண்டிருந்தாள். போடுங்கோ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளுக்கு இருபத்தைந்து வயது. ஒரு மாதம் இழுத்தால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

"போடுங்கோ பிள்ளை" என்றேன்.

அச்சடித்து வந்த தாளில், கணவர் இறந்ததை அறிவிக்க மறந்துவிட்டேன் என்று இருந்தது. அவர் கையெழுத்தை ஒவ்வொரு வருடமும் ஒரே இழுப்பில் போட்டிருக்கிறேன். இன்று என் சொந்தப் பெயரை எழுத இரண்டு தடவை பேனாவை எடுக்க வேண்டியிருந்தது. அந்த மனுசனை மறந்துவிட்டேன் என்று பொலிஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மகளை அனுப்பி வைக்க வெளியே வந்தேன்.