ஒரு பாகமும் ஒரு முழமும்

1

இந்தக் கதை ஒரு யன்னல் திரையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம், அதாவது 1979 பெப்ரவரியில், சிட்னி பென்டில் ஹில்லில் விக்னராஜா வீட்டில் மதியச் சாப்பாடு. முன்னறை யன்னலில் திரை தொங்கியது கம்பியில் அல்ல. இரண்டு முனையும் ஒடுங்கித் தட்டையான ஒரு நீண்ட மரத் துடுப்பில். கயாக் என்கிற ஒற்றை ஆள் ஓடத்தை வலிக்கும் துடுப்பு.

இதென்ன என்று கேட்டேன். விக்னராஜா ஒரு கதை சொன்னார். அவர் கை கழுவப் போன இடைவெளியில் மனைவி ரஞ்சினி இன்னொரு கதை சொன்னார். இரண்டும் ஓர் இடத்தில் ஒத்துவரவில்லை. ஒத்துவந்திருந்தால் நான் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன்.

2

முதல் தொடக்கம்: பரமட்டா ஆறு அன்று உருக்கிய பொன்னாய்...

(இல்லை. மண்ணிறம். சேற்று மணமும் உண்டு.)

இரண்டாம் தொடக்கம்: கடலாண்ட தமிழினத்தின் வழித்தோன்றலான விக்னராஜா...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. விக்னராஜாவுக்கு இருக்கவில்லை. ஆகவே கதை இங்கேதான் தொடங்குகிறது.)

விக்னராஜா ஓர் அரசாங்க அலுவலகத்தில் பொறியியலாளர். இது நடந்தது போன வருடம்; அப்போது அவர் சேர்ந்து பதினான்கு மாதம். காலைத் தேநீர் மேசையில் எட்டுப் பேர் கூடுவார்கள். பேச்சு காற்பந்து, புல்வெட்டும் மெஷின், காற்பந்து என்று சுற்றிவரும். அந்தப் பதினான்கு மாதத்தில் அந்த மேசை அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, "சீனி எத்தனை?"

ஒரு நாள் பிரிவுத் தலைவர் டொன் வேறொன்று கேட்டார். டொன் ஒரு கயாக் சங்கத்தின் செயலாளரும்கூட. சங்கத்தில் அப்போது பெரும் பிளவு. ஒடுங்கிய பழைய மரத் துடுப்பா, அகன்ற தகடுகொண்ட நவீன ஃபைபர்கிளாஸ் துடுப்பா? "உங்கள் சிலோனில் எது, விக்?"

எட்டு முகங்கள் அவர் பக்கம் திரும்பின.

"பாரம்பரியத் துடுப்புத்தான். நாங்கள் தலைமுறை தலைமுறையாக..." என்றார் விக்னராஜா. அவரும் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. மார்ச் மாத எட்டுக் கிலோமீற்றர்ப் போட்டிக்கு டொன் அவர் பெயரை எழுதிக்கொண்டார். இரவல் ஓடம் தருவதாகவும், துடுப்பை அவரே செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார்.*

* அந்த மரத் துடுப்பு கிரீன்லாந்து வேட்டைக்காரர்களுடையது. டொன் அதைப் பற்றி ஒரு கைநூலில் வாசித்திருந்தார். ஆக, கிரீன்லாந்தின் பாரம்பரியத்தைச் சிட்னிக்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர் ஒருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பாரம்பரியங்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன.

3

"எட்டுக் கிலோமீற்றரோ? உங்களுக்கு நீந்தவே தெரியாதே," என்றார் ரஞ்சினி.

"நீந்தத் தெரிஞ்சவைக்கு ஏனப்பா ஓடம்?"

ரஞ்சினி சிரிக்கவில்லை. "உங்கட அப்பா மீன்காரரைப் படலைக்கு வெளியில நிப்பாட்டித்தான் மீன் வாங்கினவர். குடிக்கத் தண்ணி கேட்டால் செம்பைக் குடுக்கிறேல்லை, கையிலதான் ஊத்துறது. இப்ப அவையின்ர துடுப்பு உங்கட பரம்பரைச் சொத்தோ?"

(இந்த இடத்தில் விக்னராஜாவுக்கு ஒரு நல்ல பதில் எழுதிக் கொடுக்கப் பார்த்தேன். நான்கு முறை எழுதினேன். நான்கும் பொய்யாக ஒலித்தன.)

விக்னராஜா கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றியதும் நிறுத்திவிட்டார்.

"பதினாலு மாசத்தில முதல் தரம் என்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவங்கள், ரஞ்சி. தெரியாது எண்டு சொல்ல வாய் வரேல்லை. இப்ப போகாமல் விட்டால் திரும்பவும் சீனி எத்தனைதான்."

ரஞ்சினி உள்ளே போய்த் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தார்.

"எழும்புங்கோ. துடுப்புக்கு அளவு எடுப்பம். கையை விரியுங்கோ."

4

இங்கே கல்யாணசுந்தரம் வரவேண்டும். தேவையா என்று மூன்று நாள் யோசித்தேன். பழமைக் கட்சிக்கு ஒரு பொய்யர் இருக்கிறார்; நவீனக் கட்சிக்கும் ஒரு வக்கீல் இருப்பதுதான் நியாயம். அடுத்த தெரு, மதராஸ்காரர், உலோகவியல் படித்தவர். அலுமினியத் தண்டும் ஃபைபர்கிளாஸ் தகடுகளும் கொண்ட துடுப்பொன்றைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார்.

"பாருங்க சார். ரெண்டு பிளேடும் ஒண்ணுக்கொண்ணு கோணமா இருக்கு. ஒண்ணு தண்ணிக்குள்ள இருக்கறப்ப மேல இருக்கறது காத்தைக் கிழிச்சிட்டுப் போகும். சயின்ஸ். நீங்க என்னடான்னா கட்டையை இழைச்சிட்டிருக்கீங்க."

"இதில நீங்கள் எத்தினை மைல் வலிச்சனீங்கள்?"

"வலிக்கல. படிச்சிருக்கேன்."

நேர்மையாகச் சொன்னால், அவரும் பெருந்தன்மைக்காரர்தான். அந்தத் துடுப்பை ஆறு வாரம் இரவல் கொடுத்தார். முதல் நாள் விக்னராஜா நவீனத்தோடு மூன்று தரம் ஆற்றில் விழுந்தார். மரத் துடுப்பு தயாரானதும் பாரம்பரியத்தோடு ஐந்து தரம். கரையோரம், இடுப்பளவுத் தண்ணீர். சட்டைக்கு மேல் மிதவை அங்கி. அறிவியலுக்கு வெற்றி என்று எழுதிவிட்டு நான் இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் அந்த மரத் துடுப்பு அவர் செய்தது. டொன்னின் கைநூல் நீளத்தைச் செண்டிமீற்றரில் சொல்லவில்லை. வலிப்பவரின் விரித்த இரு கைகளின் அகலம். அதோடு முழங்கையிலிருந்து விரல் நுனிவரை. வாசித்ததும் விக்னராஜா உரக்கச் சொன்னார்: "ஒரு பாகமும் ஒரு முழமும்." நாடு முழுவதும் மீற்றருக்கு மாறிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் அவருடைய வேலையே அடிக்கணக்கு வரைபடங்களை மீற்றராக்குவது. மாலையில் கராஜில் நின்று தன் உடம்பால் மரத்தை அளந்தார். இடித்த வீடொன்றின் ஒரிகன் மரக் கூரைச் சட்டங்கள். முதலாவது வெடித்தது. இரண்டாவது வளைந்தது. மூன்றாவதைத்தான் நான் யன்னலில் பார்த்தேன்.

5

போட்டி நாள். முப்பது பேர் புல்லில். மரத் துடுப்பும் கல்யாணசுந்தரத்தின் துடுப்பும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. டொன் கையைத் தட்டி எல்லாரையும் அழைத்தார். "புறப்படுமுன் விக் தன் முன்னோரின் துடுப்புக் கலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார்."

இங்கேதான் கதை இரண்டாகப் பிளக்கிறது.

விக்னராஜா சொல்வது: அவர் உண்மையைச் சொன்னார். தன் அப்பா கடலுக்குப் போகிறவர்களைப் படலைக்குள் விடவில்லை என்பதை. கையில் ஊற்றிய தண்ணீரை. ஆறு வாரத்துக்கு முன் தான் துடுப்பையே தொட்டதில்லை என்பதை.

ரஞ்சினி சொல்வது: "அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. இது நான் செய்தது எண்டு மட்டும் சொன்னவர். மிச்சத்தைக் காரில வரேக்க எனக்குச் சொன்னவர். சொல்லச் சொல்லத் தனக்கே அங்க சொன்ன மாதிரி வந்திட்டுது."

(எனக்கு மூன்றாவது முடிவொன்று கைவசம் இருந்தது. நடு ஆற்றில் கவிழ்கிறார். பாரம்பரியம் ஒரு பக்கம், பொறியியலாளர் ஒரு பக்கம் மிதந்து போக... மிகவும் ரசித்து எழுதினேன். ஊதிய பலூனில் ஊசி ஏற்றுவது என் தொழில். ஆனால் கணவனும் மனைவியும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். அவர் கவிழவில்லை.)

போட்டியைப் பற்றி இருவரும் ஒத்துக்கொண்டவை இவ்வளவுதான். கல்யாணசுந்தரம் தன் துடுப்பை நீட்டினார்: "இன்னிக்கு எதிர்க்காத்து சார். இதை எடுத்துக்குங்க." விக்னராஜா மரத்தை எடுத்தார். "அது நல்லதுதான், ஐசே. இது என்ர அளவு." எட்டுக் கிலோமீற்றரையும் வலித்தார். கடைசியாக வந்தார். அவருக்கு முன்னால் வந்தவர் அதற்குள் குளித்துத் தலை வாரியிருந்தார். விக்னராஜாவின் இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் இல்லை. ரஞ்சினி கரையில் எழுந்து நின்று கைதட்டினார். கல்யாண வீட்டில்கூடக் கைதட்டாத மனுசி.

6

முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் ஒரு வெற்றிடம் தருகிறேன். முப்பது பேருக்கு முன்னால் விக்னராஜா வாயைத் திறக்கிறார்: "என் அப்பா ............"

நிரப்புங்கள். உண்மையைப் போட்டால் அவர் ஒரு விதமான மனிதர். வெறுமையாக விட்டால் இன்னொரு விதம். நான் அந்த வீட்டில் துடுப்பைக் கழற்றிக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிடித்த இடத்தில் மரம் கறுத்திருந்தது. அன்றிலிருந்து என் ஊசி சரியாக ஏறுவதில்லை.

ஆனால் ஒன்று. நிரப்பினாலும் விட்டாலும் அடுத்து நடந்ததில் கைவைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அதை இருவரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். போட்டி முடிந்ததும் டொன் அந்தத் துடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் விளிம்பைப் பெருவிரலால் தடவினார். "எனக்கும் ஒன்று செய்து தருவாயா, விக்?"

ரஞ்சினி கைப்பையைத் திறந்து நாடாவைத் தேடினார். விக்னராஜா வேண்டாம் என்று தலையசைத்தார்.

"கையை விரியுங்கள், டொன்."

பிரிவுத் தலைவர், சங்கச் செயலாளர், முப்பது பேர் பார்க்க, தோட்டத்து வெருளி மாதிரி இரு கைகளையும் விரித்து நின்றார். விக்னராஜா ஒரு கயிற்றை எடுத்து, தோல் உரிந்த கையால் அவருடைய விரல் நுனியில் வைத்து அளக்கத் தொடங்கினார்.

நீங்கள் உங்கள் முடிவை ஆறுதலாக எழுதுங்கள். டொன்னின் கைகளை மட்டும் இறக்கிவிடாதீர்கள். பாகம்தான் முடிந்திருக்கிறது, முழம் இன்னும் போடவில்லை.